எல்லாமே 'பார்டர்'தானே டாக்டர்?

சென்ற இதழில் "ஆண்டுப் பரிசோதனை ரிப்போர்ட்டை டிராயரில் போட்டு மூடாதீர்கள், ஒரு தடவையாவது பிரித்துப் படியுங்கள்" என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். அதற்குத் தண்டனை போல ரிப்போர்ட்டுகளாக வந்து குவிந்துவிட்டன. முக்கால்வாசி நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுடையவை. பெயர்களை விட்டுவிட்டேன், கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன்.

வணக்கம் டாக்டர். வயது 38, கணக்குப் பிரிவில் வேலை. வெறும் வயிற்றில் சர்க்கரை 104, டிரைகிளிசரைடு என்கிற ரத்தக் கொழுப்பு 188, 'நல்ல கொலஸ்ட்ரால்' எச்டிஎல் 37, ரத்த அழுத்தம் 132/86. ஆபீஸுக்கே வந்து பரிசோதனை செய்தவர்கள் "எல்லாமே பார்டர்தான் சார், ஒன்றும் பயமில்லை" என்றார்கள். நிம்மதியாக இருக்கலாமா?

பயப்பட வேண்டாம். ஆனால் அந்த 'பார்டர்' என்ற வார்த்தையை நம்பி ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிடவும் வேண்டாம். நீங்கள் கணக்கு பார்ப்பவர், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, சில்லறைச் செலவுகள் தனித்தனியாகப் பார்த்தால் கண்ணுக்கே தெரியாது, மாதக் கடைசியில் கூட்டும்போதுதான் இடிக்கும். உங்கள் ரிப்போர்ட்டும் அப்படித்தான், இன்றைக்கே மருந்து எழுத வைக்கிற எண் அதில் ஒன்றுகூட இல்லை. யாரும் கூட்டிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

நாம் கூட்டிப் பார்ப்போம். இப்படிச் சின்னச் சின்னக் கோளாறுகள் கூட்டாக வருவதற்கு மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்று பெயர், அதற்கு ஐந்து அடையாளங்கள் உண்டு: வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 அல்லது அதற்கு மேல், டிரைகிளிசரைடு 150 அல்லது அதற்கு மேல், எச்டிஎல் ஆண்களுக்கு 40-க்கும் பெண்களுக்கு 50-க்கும் கீழ், ரத்த அழுத்தத்தில் மேல் எண் 130 அல்லது கீழ் எண் 85-ஐத் தொடுவது, அப்புறம் இடுப்புச் சுற்றளவு. ஐந்தில் மூன்று இருந்தாலே போதும். உங்களிடம் இப்போதே நான்கு இருக்கிறது, ஐந்தாவதை அளக்கவே இல்லை. இந்தக் கூட்டு உள்ளவர்களுக்கு இல்லாதவர்களைவிட இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு ஏறத்தாழ 5 மடங்கு, இதயநோய் வாய்ப்பு அடுத்த 5 முதல் 10 ஆண்டுகளில் ஏறத்தாழ 2 மடங்கு.

ஏன் எல்லாம் ஒன்றாகவே வருகின்றன? சாப்பிட்டது சர்க்கரையாக ரத்தத்தில் கலந்ததும் கணையம் இன்சுலினைச் சுரக்கிறது, அந்தச் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்ள வேண்டியவை தசைகள். அதிலும் உடம்பிலேயே பெரிய தசைகள் தொடையிலும் பிட்டத்திலும் இருக்கின்றன, நாம் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பதோ அவற்றின் மேலேயேதான். வேலை கிடைக்காத தசை சர்க்கரையை வாங்கத் தயங்குகிறது. கணையமும் விடாது, இன்னும் கொஞ்சம் இன்சுலினைக் கூட்டி ஆண்டுக்கணக்கில் இழுத்துப் பிடிக்கும், அதனால்தான் உள்ளே சண்டை தொடங்கி வெகுநாள் கழித்துச் சர்க்கரை எண் ஏறுகிறது. அதற்குள் கல்லீரல் மிச்சச் சர்க்கரையைக் கொழுப்பாக மாற்றி ரத்தத்துக்குள் அனுப்பிக்கொண்டிருக்கும், டிரைகிளிசரைடு ஏறும், எச்டிஎல் இறங்கும். இவையெல்லாம் தற்செயலாகக் கூடியவை அல்ல, அடியில் இன்சுலின் சொல்வதை உடம்பு சரியாகக் கேட்காத 'இன்சுலின் எதிர்ப்பு' இருக்கிறது என்று 1988-இல் விளக்கி, 'சிண்ட்ரோம் எக்ஸ்' என்று பெயர் வைத்தவர் அமெரிக்க மருத்துவர் ஜெரால்டு ரீவன். அவர் பட்டியலில் இடுப்பளவு கிடையாது, அது பிற்பாடு வந்து சேர்ந்தது.

அந்த இடுப்பளவை இன்றைக்கே எடுங்கள். பேன்ட் சைஸைச் சொல்லாதீர்கள். தொப்பை விழுந்தவர்கள் பெல்ட்டைத் தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டுவார்கள், கல்லூரியில் போட்ட அதே சைஸ்தான் டாக்டர் என்று பெருமையாகவும் சொல்வார்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், சட்டையை விலக்கி, சாதாரணமாக மூச்சை விட்ட நிலையில் டேப்பைச் சுற்றுங்கள். வயிற்றை உள்ளே இழுக்கக் கூடாது. வரம்பு இனத்துக்கு இனம் மாறும்: தெற்காசிய வம்சாவளியினருக்கு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ., ஐரோப்பிய வம்சாவளி ஆண்களுக்கு 94.

இடுப்பைப் பற்றிப் பேசும்போது எனக்குப் பிடித்த பழைய கதை ஒன்று. பிரிட்டனின் மருத்துவ ஆய்வாளர் ஜெரி மாரிஸ் 1953-இல் லண்டன் மாடிப் பேருந்து ஊழியர்களைப் பற்றி எழுதினார். நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கும் ஓட்டுநர்களுக்கு, மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும் நடத்துநர்களைவிட மாரடைப்பு அதிகம். மூன்று ஆண்டு கழித்து அவரது குழுவினர் இரு தரப்பினரின் சீருடை அளவுகளை எடுத்து ஒப்பிட்டார்கள், எல்லா வயதிலும் ஓட்டுநரின் கால்சட்டை இடுப்பு பெரிது. அதாவது ஏறி இறங்குவது ஒரு காரணம் என்றால், வேலைக்கு வரும்போதே உடல்வாகு வேறாக இருந்திருக்கலாம் என்பது இன்னொன்று. அதைக் கண்டுபிடித்து மறைக்காமல் அவர்களே எழுதினார்கள் பாருங்கள், அதனால்தான் அந்த ஆய்வு இன்றைக்கும் நிற்கிறது.

சரி, என்ன செய்வது? உங்கள் மருத்துவரிடம் இதே ரிப்போர்ட்டோடு போய், இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி ரத்தப் பரிசோதனை ஒன்று பாருங்கள். ரத்த அழுத்தத்தை வேறொரு நாள் ஒழுங்காக எடுங்கள், ஆபீஸ் முகாம்களில் வரிசையில் நின்று அரட்டை அடித்துவிட்டு உட்கார்ந்த அடுத்த நொடி கையில் பட்டையைச் சுற்றுகிறார்கள், அந்த எண்ணை நான் அரைமனதோடுதான் நம்புவேன். ஐந்து நிமிடம் பேசாமல், முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட உட்கார்ந்த பிறகு எடுக்க வேண்டும். உங்கள் நிலை மாற்ற முடியாத நிலை இல்லை. 2002-இல் வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்த 3,234 பேரில் ஒரு பிரிவினர் உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிடம் நடப்பது என்ற இலக்கோடு வாழ்ந்தார்கள். அவர்களுக்கு நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது, மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை எடுத்தவர்களுக்கு 31. எடை 80 கிலோ என்றால் 7 சதவீதம் என்பது ஐந்தரை கிலோ சொச்சம், நம்மால் ஆகாத காரியம் ஒன்றும் இல்லை.

நான் ஒல்லி. உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பிஎம்ஐ 22. ஆபீஸில் "உனக்கு என்னப்பா, எது தின்றாலும் ஒட்டாது" என்று கேலி செய்வார்கள். போன வாரம் எச்பிஏ1சி 6.1 என்று வந்திருக்கிறது. லேப் தவறாக இருக்குமோ?

தவறாக இருக்கலாம், ஆனால் அந்த நம்பிக்கையில் விட்டுவிடாதீர்கள். 5.7 முதல் 6.4 வரை நீரிழிவின் முந்தைய நிலை, 6.5-இலிருந்து நீரிழிவு. இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தாலும் இந்த எண் கொஞ்சம் ஏற்றிக் காட்டும், ஆகவே ஹீமோகுளோபினையும் வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் சேர்த்துப் பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

ஒல்லிக்கு வராது என்பதற்குப் பதிலாக ஒரு போட்டோவைத்தான் காட்ட வேண்டும். 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் யாஜ்னிக், யட்கின் என்ற இரண்டு மருத்துவர்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று படம் எடுத்துப் போட்டார்கள். ஒருவர் இந்தியர், மற்றவர் ஆங்கிலேயர். இருவருக்கும் பிஎம்ஐ ஒரே எண், 22.3. உடலில் உள்ள கொழுப்பு ஆங்கிலேயருக்கு 9.1 சதவீதம், இந்தியருக்கு 21.2 சதவீதம். கீழே அவர்களே கிண்டலாக எழுதிய விளக்கம் இன்னும் ருசி: ஒருவர் மாரத்தான் ஓடுகிறவர், மற்றவருக்கு உள்ள பெரிய உடற்பயிற்சி தினமும் காலையில் ஆஸ்பத்திரி லிஃப்ட் கதவு மூடுவதற்குள் ஓடிப்போய் ஏறுவது.

பிஎம்ஐ என்பது வெறும் எடையும் உயரமும். அந்த எடையில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, அந்தக் கொழுப்பும் தோலுக்கடியில் இருக்கிறதா, குடலையும் கல்லீரலையும் சுற்றி இருக்கிறதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. கை கால் குச்சியாக, நடுவில் மட்டும் சின்னதாக ஒரு மேடு, இதுதான் கணினி முன் பத்து வருடம் உட்கார்ந்த ஒல்லி உடம்பின் வடிவம். உங்களுக்கு எடை குறைப்பு அறிவுரை எதற்கு? தசை வேண்டும். வாரத்தில் இரண்டு நாளாவது கனம் தூக்குகிற, உட்கார்ந்து எழுகிற, தரையில் கை ஊன்றித் தள்ளுகிற பயிற்சிகள், தட்டில் புரதம். கேலி செய்கிறவர்களையும் ஒரு தடவை டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள்.

தினமும் காலை ஒரு மணி நேரம் ஜிம். அப்புறம் 10 மணி நேரம் ஒரே நாற்காலி. ஜிம் போனாலும் உட்கார்ந்தே இருந்தால் வீண் என்கிறார்களே? நின்றுகொண்டே வேலை செய்யும் மேசை வாங்கலாமா?

வீண் என்று சொன்னவர் யாரோ, அவர் உங்களைப் பார்த்துப் பொறாமைப்படுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தகவல்களைத் திரட்டி 2016-இல் வந்த ஓர் ஆய்வில், நாளுக்கு 60 முதல் 75 நிமிடம் ஓரளவு மூச்சு வாங்கும் அளவுக்கு உழைப்பவர்களுக்கு, 8 மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தாலும் அதனால் வரும் கூடுதல் மரண ஆபத்து இல்லாமல் போனதாகத் தெரிந்தது. நீங்கள் கிட்டத்தட்ட அந்தக் கணக்கில்தான் இருக்கிறீர்கள். ஜிம்மில் அந்த ஒரு மணி நேரத்தில் நாற்பது நிமிடத்தைப் போனிலேயே கழிக்காமல் இருந்தால்.

ஆனாலும் மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையைக் காலை ஜிம் முழுவதும் பார்த்துக்கொள்ளாது. 2012-இல் டன்ஸ்டன் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளரின் குழு, எடை கூடிய 19 பேரை இனிப்பு பானம் ஒன்றைக் குடிக்கவைத்து ஐந்து மணி நேரம் உட்கார வைத்தது. ஒரு நாள் எழாமல், இன்னொரு நாள் 20 நிமிடத்துக்கு ஒரு தடவை 2 நிமிடம் மெதுவாக நடந்து. நடந்த நாளில் சர்க்கரை ஏற்றம் ஏறத்தாழ கால் பங்கு குறைவு, இன்சுலினும் அதே அளவு குறைவு. ஏன் இரண்டு நிமிடத்துக்கு இவ்வளவு பலம் என்றால், சுருங்கி விரியும் தசை இன்சுலினின் தயவு இல்லாமலேயே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். உட்கார்ந்திருக்கும் தசை இன்சுலின் வந்து கதவைத் தட்டும்வரை சும்மா இருக்கும்.

20 நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்தால் மேலதிகாரி என்ன நினைப்பார் என்று கேட்பீர்கள். அரை மணிக்கு ஒரு தடவை எழுங்கள், அதுவும் முடியாவிட்டால் சாப்பிட்டு முடித்த முதல் ஒரு மணி நேரத்தில் மட்டுமாவது 10, 15 நிமிடம் நடங்கள். நான் செய்வது ஒன்று உண்டு: மேசையில் பெரிய தண்ணீர் பாட்டில் வைப்பதில்லை, சின்ன டம்ளர்தான். தீர்ந்தால் எழ வேண்டும், குடித்தால் மறுபடியும் எழ வேண்டும்.

நிற்கும் மேசையா? முதுகுக்கு நல்லதாக இருந்தால் வாங்குங்கள், இடுப்பு குறையும் என்று வாங்காதீர்கள். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் உட்காருவதைவிட நிற்பதற்கு நிமிடத்துக்கு 0.15 கலோரிதான் கூடுதல். ஆறு மணி நேரம் கால் கடுக்க நின்றால் 54 கலோரி, ஒரு பிஸ்கட்டோடு சரி.

டீ, காபியில் சர்க்கரைக்குப் பதில் தேன் போட்டுக்கொள்கிறேன். ஆபீஸில் ஐந்து தடவை ஆகிவிடும். பரவாயில்லையா?

ரத்தத்துக்குத் தேனீயைத் தெரியாது. தேன், பழச்சாறு, பழுப்புச் சர்க்கரை எல்லாம் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ஒரே கூடையில்தான் வருகின்றன. மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குக் கீழ், முடிந்தால் 5 சதவீதத்துக்குக் கீழ் என்கிறார்கள், 5 சதவீதம் என்றால் நாளுக்கு ஏறத்தாழ 25 கிராம். கோப்பைக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 8 கிராம், ஐந்து கோப்பைக்கு 40, மதியச் சாப்பாடு இன்னும் கணக்கிலேயே வரவில்லை. எண்ணிக்கையைக் குறைக்க மனம் வரவில்லை என்றால் ஸ்பூனைக் குறையுங்கள், வாரத்துக்கு அரை ஸ்பூனாக. நாக்கு சண்டை போடும், ஒரு மாதத்தில் பழகிவிடும்.

இரவு ஷிஃப்ட். இரவு 1 மணிக்கு ஆபீஸ் கேன்டீனில்தான் முழுச் சாப்பாடு. பகலில் 5 மணி நேரம் தூங்கினால் பெரிது. இரண்டு வருடத்தில் 9 கிலோ கூடிவிட்டேன். அதிகம் சாப்பிடுவதாகவும் தெரியவில்லை.

நீங்கள் சொல்வதை நம்புகிறேன். இரவு ஷிஃப்ட் ஆட்கள் எல்லோரும் இதையே சொல்கிறார்கள், எல்லோரும் பொய் சொல்ல வாய்ப்பில்லை. உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது, ஷிஃப்ட் ரோஸ்டரை அது படிப்பதில்லை. நடு இரவில் தூக்கத்துக்கான ஹார்மோனான மெலடோனின் சுரந்துகொண்டிருக்கும், அது இன்சுலின் சுரப்பைக் கொஞ்சம் அடக்கி வைக்கும், ஆக பகலில் சாப்பிட்ட அதே தட்டை இரவு ஒரு மணிக்குச் சாப்பிட்டால் சர்க்கரை கூடுதலாக ஏறி, கூடுதல் நேரம் நிற்கும். 2021-இல் வந்த சின்ன ஆய்வு ஒன்று, 19 பேர்தான், ஆய்வுக்கூடத்திலேயே இரவுப்பணி போன்ற வாழ்க்கையை உண்டாக்கிப் பார்த்தார்கள். இரவிலும் சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரையைக் கையாளும் திறன் கெட்டது, பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்குக் கெடவில்லை.

அதை உங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டால்: பெரிய சாப்பாட்டை வேலைக்குக் கிளம்பும் முன் வீட்டிலேயே முடியுங்கள், நள்ளிரவுக்கும் காலை ஆறுக்கும் நடுவில் முடிந்தவரை வயிற்றுக்கு ஓய்வு, பசி தாங்காவிட்டால் கைப்பிடி கொட்டை வகைகள், ஒரு முட்டை அந்த மாதிரி, மாவுச்சத்து மலை மாதிரி வேண்டாம். சர்க்கரைக்கு ஏற்கெனவே மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் மட்டும் இதைத் தானாகச் செய்யக் கூடாது, மருத்துவரிடம் கேட்டுவிட்டு நேரங்களை மாற்றுங்கள், இல்லாவிட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும்.

தூக்கத்தைத்தான் நான் சாப்பாட்டைவிடப் பெரிதாகப் பார்ப்பேன். ஆரோக்கியமான 11 இளைஞர்களை ஆறு இரவு நாலு மணி நேரம் மட்டும் தூங்க விட்டதில் அவர்கள் உடம்பு சர்க்கரையைக் கையாளும் விதமே தடுமாறிவிட்டது, 1999-இலேயே பார்த்துவிட்டார்கள். ஜன்னலுக்குக் கனமான கறுப்புத் திரை, போன் வேறு அறையில், வீட்டாரிடம் "இந்த ஏழு மணி நேரம் எனக்கு ராத்திரி" என்று ஓர் ஒப்பந்தம். அப்புறம் ஒரு கேள்வி, உங்களுக்குத் தெரியாது, பக்கத்தில் படுப்பவரைக் கேளுங்கள்: குறட்டை இருக்கிறதா, நடுவில் மூச்சு நின்று திணறுகிறீர்களா? 9 கிலோ கூடியவருக்கு அது இருந்தால் தூக்க மூச்சுத்தடைக்கான பரிசோதனை தேவை.

ஸ்கேனில் 'கிரேடு 1 ஃபேட்டி லிவர்'. எங்கள் பிரிவில் ஏழு பேரில் நாலு பேருக்கு இருக்கிறது, எல்லோருக்கும் இருப்பதுதானே என்று ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. லிவர் டானிக் குடித்தால் போதுமா?

எல்லோருக்கும் இருக்கிறது என்பது சரிதான், அதனால் நல்லது என்று ஆகிவிடாது. இதற்கு 2023-இல் உலகளவில் பெயரையே மாற்றி, வளர்சிதை மாற்றக் கோளாறோடு சேர்ந்த கொழுப்புக் கல்லீரல் என்று வைத்திருக்கிறார்கள், பிரச்சினை கல்லீரலோடு முடிவதில்லை என்பதால்தான். கிரேடு என்பது ஸ்கேனில் எவ்வளவு வெளுப்பாகத் தெரிகிறது என்பதைச் சொல்லும், உள்ளே தழும்பு விழுந்திருக்கிறதா என்று சொல்லாது. வயது, கல்லீரல் நொதிகள் இரண்டு, பிளேட்லெட் எண்ணிக்கை, இந்த நான்கையும் வைத்துப் போடும் ஃபிப்-4 என்ற கணக்கு ஒன்று இருக்கிறது, உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள், எண்கள் அநேகமாக உங்கள் ரிப்போர்ட்டிலேயே இருக்கும். எடையில் 5 சதவீதம் குறைந்தாலே கல்லீரல் கொழுப்பு குறையத் தொடங்கும், 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் வீக்கமும் தணியும். டானிக் பாட்டிலை வாங்கும் காசுக்கு நல்ல ஷூ வாங்குங்கள்.

இரண்டாவது பிரசவத்தின்போது சர்க்கரை இருந்தது. பிறந்ததும் சரியாகிவிட்டது. ஆறு வருடம் ஆகிறது, பிறகு பார்க்கவில்லை. ஆபீஸ் வேலை, உட்கார்ந்தே இருப்பேன்.

இந்த வாரமே பாருங்கள். கர்ப்பகாலச் சர்க்கரை வந்துபோனவர்களுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு வராதவர்களைவிடப் பல மடங்கு அதிகம், 1 முதல் 3 ஆண்டுக்கு ஒரு முறை வாழ்நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆபீஸ் முகாமில் படிவம் நிரப்பும்போது இதை யாரும் கேட்பதில்லை, நீங்களாகவே சொல்லுங்கள்.

மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். ஊழியர் நலனுக்காக 'நாளுக்கு 10,000 அடி' போட்டி வைக்கத் திட்டம். உங்கள் ஆலோசனை?

வையுங்கள், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மூன்று பேர் பரிசு வாங்குவார்கள். ஒருவர் போனைக் குழந்தையிடம் கொடுத்து விளையாட அனுப்புவார். மற்றவர்கள் மீட்டிங்கில்தான் இருப்பார்கள்.

என்னைக் கேட்டால் காலண்டரில் கை வையுங்கள். ஒரு மணி நேர மீட்டிங் எல்லாம் 50 நிமிடம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் யாரும் யாரையும் கூப்பிடக் கூடாது, சாப்பிட்டு 15 நிமிடம் நடக்கிற ஆளைப் பார்த்து "என்ன, வேலை இல்லையா?" என்று கேட்கிற மேலாளருக்கு முதலில் வகுப்பு எடுங்கள். படிக்கட்டுக் கதவைப் பூட்டி வைத்து லிஃப்ட்டை மட்டும் திறந்து வைத்திருக்கும் ஆபீஸ்களை நான் பார்த்திருக்கிறேன். பரிசோதனை முகாமில் எல்லாம் இருக்கும், ஐந்து நிமிடக் காரியமான டேப் மட்டும் இருக்காது, அதைச் சேருங்கள். முக்கியமாக, ரிப்போர்ட் ஊழியர் கைக்கு மட்டும் போகட்டும். "சார், ஆபீஸுக்குத் தெரிந்தால் பதவி உயர்வு போய்விடும்" என்று பயந்து மாத்திரையைக்கூட மறைத்து வைத்துச் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஒரு ரகசியம் டாக்டர். பரிசோதனைக்கு ஒரு வாரம் முன்பு இனிப்பு, எண்ணெய்ப் பலகாரம் எல்லாம் நிறுத்திவிடுவேன். ரிப்போர்ட் ஜோராக வரும். இது சரியா?

டிரைகிளிசரைடு ஏமாறும், அது ஒரு வாரத்தில் இறங்கக்கூடியதுதான். வெறும் வயிற்றுச் சர்க்கரையும் கொஞ்சம் ஏமாறும். எச்பிஏ1சி ஏமாறாது, அது கடந்த இரண்டு மூன்று மாதக் கதையை எழுதி வைத்திருக்கும். உங்கள் முகாமில் அது இல்லை போலிருக்கிறது, அதனால்தான் ஜோராக வருகிறது. அடுத்த முறை வழக்கம்போலச் சாப்பிட்டுவந்து, முந்தின இரவு மட்டும் குறைந்தது 8 மணி நேரம் வயிற்றைக் காயப்போட்டு ரத்தம் கொடுங்கள். தண்ணீர் குடிக்கலாம். அந்த ரிப்போர்ட்டை அனுப்புங்கள், அடுத்த இதழில் பேசுவோம்.